மேடவாக்கம் வழியாக வந்த மருந்து

என் மேல் எனக்கு இருந்த மரியாதை போன கதை இது. பெரிய நஷ்டம் என்று சொல்ல முடியாது. வேறு யாருக்கும் என் மேல் அது அவ்வளவாக இருந்ததில்லை.

இருபத்தாறு வருஷமாக ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். வாரநாளில் பள்ளிக்கூடம். சனிக்கிழமை மேடவாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டர். ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்தில் எங்கள் வாடகை வீட்டு ஹாலிலேயே ஒரு கும்பல். வாயை மூடுவதற்கு எனக்கென்று ஒரு நாள் இல்லை. அதுதான் பிரச்சினையே என்று என் மனைவி சொல்வாள்.

எல்லாப் பாடத்தையும் நடத்துவேன், ஆனால் ஒரு பாடத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு நினைப்பு. வெப்பநிலை ஏறினால் வேதிவினை ஏன் வேகமாக நடக்கிறது? இதற்கு நான் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டைத்தான் இழுப்பேன். ரோட்டுக்கு நடுவில் சுவர். அந்தப் பக்கம் போக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சுவரைப் பார்த்துவிட்டுச் சுரங்கப்பாதைக்குத் திரும்பிவிடுவார்கள். தம் கட்டி எகிறிக் குதிக்கிறவன் நூற்றில் ஒருத்தன். மூலக்கூறுகளுக்கும் அப்படி ஒரு சுவர் உண்டு. அதற்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சூடு ஏறினால் எல்லோருடைய வேகமும் கொஞ்சம்தான் கூடும். ஆனால் சுவரைத் தாண்டுகிற தெம்பு உள்ளவர்கள் கூட்டம் கிடுகிடுவென்று பெருகிவிடும். பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இருபது ஏறினால் நாலு. முப்பது ஏறினால்...

இந்த இடத்தில் மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து "எட்டு" என்று ஒரு குரல் வரும். என் மனைவிதான். கிண்டியில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். பள்ளிக்கூடத்தில் காமர்ஸ் படித்தவள். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருபது வருஷம் கேட்டதில் இந்தப் பாடம் அவளுக்கு மனப்பாடம். பிள்ளைகள் சிரிக்கும். நானும் பெருந்தன்மையாகச் சிரித்துவைப்பேன்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மாத்திரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது, போன ஐப்பசியில் டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார். ஊசியை அவளே போட்டுக்கொள்வாள். மருந்து வாங்குவது என் இலாகா என்று நானே அறிவித்தேன். "இதெல்லாம் புரதம். பக்குவமா கையாளணும். உனக்குத் தெரியாது" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த வாக்கியத்தை நான் இன்றைக்கு எந்த முகத்தோடு எழுதுகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

மருந்து வாங்குவது மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு கடையில். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை போவேன். கடைக்காரர் மருந்துக் குப்பிகளோடு ஒரு ஐஸ் ஜெல் பையும் எடுத்து வைப்பார். "பையை அடுத்த வாட்டி திருப்பிக் கொடுங்க சார், போதும்" என்பார். அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே என்கிற சோம்பேறித்தனம் எனக்கு. "வேணாம்ப்பா, எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கறேன்" என்பேன். மருந்தை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் டிக்கியில் போட்டுப் பூட்டுவேன். அங்கிருந்து நேராக மேடவாக்கம். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வகுப்பு. வகுப்பு ஏ.சி. அறையில். வண்டி வெட்டவெளியில், தண்ணீர் லாரிகள் நிற்கிற காலி மனையில். முடிந்ததும் சாப்பிட்டு, வேளச்சேரி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து, வீடு வந்து சேர மூன்று மணி ஆகும். மருந்தை எடுத்துப் பயபக்தியோடு ஃபிரிட்ஜில் வைப்பேன். அதுவும் நடுத்தட்டில். கதவுப் பக்கம் வைத்தால் சூடு ஏறுமாம், அவளுக்கு அதையும் விளக்கிச் சொன்னேன்.

கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை சொன்னபேச்சு கேட்டது. "பார்த்தியா, ஒழுங்கா இருந்தா ஒழுங்கா இருக்கும்" என்று அவளுக்கு நற்சான்றிதழ் கொடுத்தேன்.

சித்திரை பிறந்ததும் சர்க்கரை பார்க்கிற மிஷினில் எண் ஏற ஆரம்பித்தது. நூற்றி இருபதில் இருந்தது நூற்றி எண்பது. அப்புறம் இருநூற்றி நாற்பது. அவள் அதே இரண்டு இட்லி, அதே அரைக் கப் சாதம்தான் சாப்பிடுகிறாள். அப்படித்தான் சொன்னாள்.

"மாம்பழம் சாப்பிட்டியா?"

"இல்லைங்க."

"ஆபீஸ்ல யாருக்காவது பொறந்த நாளா? கேக் வெட்டினாங்களா?"

"வெட்டினாங்க. நான் தொடலை. சத்தியமா."

"மிஷின் பொய் சொல்லுமா?"

இதுதான் நான் கேட்ட கேள்வி. ஒரு தடவை இல்லை. இரண்டு மாதம், தினமும் காலையில், காபிக்கு முன்னால். அவள் முதலில் பதில் சொன்னாள், பிறகு சிரித்தாள், பிறகு அழுதாள், கடைசியில் மிஷினை மட்டும் என் பக்கம் நீட்டிவிட்டுப் பேசாமல் போனாள். பேசாமல் போவதையும் நான் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அறிவாளி அல்லவா.

வீட்டைச் சோதனை போட ஆரம்பித்தேன். அவள் ஆபீசுக்குப் போன பிறகு அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவியிருக்கிறேன். துணி ஷெல்ஃபில் கஞ்சி போட்டு மடித்த காட்டன் புடவைகளுக்கு நடுவில், சாமி படங்களுக்குப் பின்னால், மளிகைச் சாமான் அலமாரியின் கடைசி வரிசையில். ஒன்றும் அகப்படவில்லை. கெட்டிக்காரி, நன்றாக ஒளித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். சர்க்கரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் வண்டிச் சாவிக் கொத்தில் மாட்டிக்கொண்டேன். வெல்லம், தேன், கல்கண்டு எல்லாம் கூடவே உள்ளே போயின. காலையில் என் காபிக்கு மட்டும் பீரோவைத் திறந்து இரண்டு ஸ்பூன் எடுப்பேன். நகைக்கடை முதலாளி தோற்றார் போங்கள்.

அதோடு விட்டேனா? கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் போனேன். இந்தப் பக்கத்துப் பழைய குடும்பம், நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். பெரிய மனசு, பெரிய குரல். எந்தப் பண்டிகை வந்தாலும் மாடிக்கு ஒரு தட்டு வரும்.

"அக்கா, உங்க வீட்ல அவ ஏதாவது ஸ்வீட் சாப்பிட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அய்ய! இன்னா சார் இது, கட்னவள வேவு பாக்க சொல்றியே. அந்தப் பொண்ணு நான் குட்த்த அதிரசத்தயே கையால தொடாம உனக்குன்னு எட்த்துகினு போவுது."

அதிரசம் எனக்கு வந்தது நினைவிருந்தது. நாலும் நான்தான் தின்றேன். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் பிள்ளை பெங்களூரில் நன்றாகத்தான் இருக்கிறான். மக்கு யார் என்பதில்தான் சின்னத் திருத்தம்.

வைகாசியில் டாக்டரிடம் போனோம். அவர் நல்ல டாக்டர்தான், ஆனால் ஒரு டோக்கனுக்கு மூன்று நிமிஷம். நிமிர்ந்து பார்க்க மாட்டார். இத்தனை நாளில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை. அன்றைக்கு நானே முந்திக்கொண்டு சொன்னேன்: "டாக்டர், இவ திருட்டுத்தனமா ஏதோ சாப்பிடறா."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். டாக்டர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. முன்பே ஒரு தடவை இருபதிலிருந்து இருபத்தாறாக ஏற்றியிருந்த காலை ஊசியை முப்பத்திரண்டு யூனிட் ஆக்கினார். "சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிங்கம்மா" என்றார். திரும்பி வரும்போது வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆனி மாதம். ஒரு வியாழக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் என் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. மெக்கானிக் ஏதோ ஒரு பாகம் வரவேண்டும், திங்கட்கிழமை ஆகும் என்றார். சாவியைக் கொத்தோடு அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பீரோ சாவியும் அதில் இருப்பது உறைத்தது. போனால் போகிறது, நாலு நாள் சர்க்கரை இல்லாத காபி குடிக்கிறேன் என்று தியாகி மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வாரம் மருந்து தீரும் நேரம். வண்டி இல்லை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவளே ஆபீசிலிருந்து வரும்போது குரோம்பேட்டையில் இறங்காமல் தாம்பரம் வரை ரயிலில் போய் மருந்து வாங்கிவந்தாள். கடைக்காரர் கொடுத்த ஜெல் பையில் வைத்து, வாய்ப்பேச்சு இல்லாமல், நாற்பது நிமிஷத்தில். ஃபிரிட்ஜில் வைக்கும்போது அவள் எந்தத் தட்டில் வைக்கிறாள் என்று நான் எட்டிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய குப்பி முடிந்து, அவள் வாங்கிவந்த குப்பியைத் திறந்தாள். முப்பத்திரண்டு யூனிட். இரண்டு இட்லி. பத்து மணிக்கு ஹாலில் என் கும்பல் வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு பேர். பையெல்லாம் கீழே படிக்கட்டில்தான் வைக்க வேண்டும், வகுப்பில் எவனும் எதையும் மெல்லக் கூடாது என்பது என் சட்டம். நான் பலகையில் ஒரு நீளச் சமன்பாட்டைச் சமன் செய்துகொண்டிருந்தேன்.

பத்தரை இருக்கும். சமையலறை வாசலில் அவள் வந்து நின்றாள்.

"என்னங்க... என்னமோ மாதிரி இருக்கு."

நான் திரும்பவில்லை. பலகையைப் பார்த்தபடியே இடது கையைத் தூக்கி, நிறுத்து என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அணுக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு அது முக்கியம். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் எனக்குத் தோன்றியது, பிள்ளைகள் முன்னால் நாடகம் போடுகிறாளே என்பதுதான்.

பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல வியர்வை. கை வெடவெடவென்று நடுங்கியது. என்னைப் பார்த்த கண்ணில் நான் இல்லை. மிஷினை எடுத்து விரலைக் குத்தினேன். நாற்பத்தாறு.

லோ ஷுகர். சர்க்கரை கொடுக்க வேண்டும், உடனே. இது எனக்குத் தெரியும். சமையலறைக்கு ஓடினேன். சர்க்கரை டப்பா வைக்கிற இடம் காலியாக இருந்தது. பீரோவுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. சாவி ராஜகீழ்ப்பாக்கத்தில்.

அப்புறம் நான் செய்ததை எப்படிச் சொல்வேன். அரிசி டின்னைக் கவிழ்த்தேன். புடவைகளை இழுத்துத் தரையில் போட்டேன். சாமி படங்களைச் சாய்த்துப் பின்னால் பார்த்தேன். கைப்பையைக் கொட்டினேன். அவள் ஒளித்து வைத்திருப்பாள் என்று இரண்டு மாதமாக எங்கெங்கே தேடினேனோ அங்கெல்லாம் மறுபடி தேடினேன். முருகா, ஒரு லட்டு, ஒரே ஒரு சாக்லேட், ஒரு துண்டு வெல்லம், எங்கேயாவது ஒளித்து வைத்திருடி என்று வாய்விட்டுக் கத்தினேன்.

ஒன்றும் இல்லை. எங்கேயும் இல்லை. அவள் எதையும் ஒளித்ததே இல்லை.

அதற்குள் பிள்ளைகளில் யாரோ படிக்கட்டில் நின்று கீழே பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா ஒரு சொம்பில் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே மாடியேறி வந்தார். என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு என் மனைவியின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். "குடி கண்ணு. இன்னும் ஒரு வாய். முழுங்கு." மெதுவாகக் குடித்தாள். பாதிச் சொம்பு இறங்கியது. அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், வூட்ல ஒரு புடி சக்கர இல்லாம இன்னா குடித்தனம் பண்ற? வாத்தியார் வூடா இது?"

பன்னிரண்டு பிள்ளைகளும் கேட்டார்கள். கேட்கட்டும். கால் மணி கழித்து மறுபடி குத்திப் பார்த்தேன். எண்பத்தொன்பது. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

மீதித் தண்ணீரையும் அவள் குடித்து முடித்தாள். காலிச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"சாப்பாடு அதேதான். யூனிட்டும் போன மாசத்துலேர்ந்து அதேதான். இன்னிக்கு மாறினது ஒண்ணே ஒண்ணு. இந்தக் குப்பியை நான் வாங்கிட்டு வந்தேன்."

"ஆமா."

"நீங்க வாங்கினா எப்படிக் கொண்டு வருவீங்க?"

"வண்டியிலதான்."

"மேடவாக்கம் போய்ட்டா?"

"ம்."

"கிளாஸ் முடியற வரைக்கும் மருந்து எங்க இருக்கும்?"

வாயைத் திறந்தேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக வார்த்தை வரவில்லை. சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. மார்கழி வெயிலில் அதே டிக்கி மருந்தை ஒன்றும் செய்யவில்லை. சித்திரை வெயிலில் அதே டிக்கி, அதே மூன்று மணி நேரம். உள்ளே மூலக்கூறுகள் சுவரேறிக் குதித்துக்கொண்டிருக்க, மேலே ஏ.சி. அறையில் நின்று அதே பாடத்தை நான் மேஜையைத் தட்டி நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பாதி செத்த மருந்துக்கு டாக்டர் யூனிட்டை ஏற்றினார். உயிருள்ள மருந்து அதே யூனிட்டில் உள்ளே போனதும் ஆளைச் சாய்த்துவிட்டது.

"டிக்கியில" என்றேன்.

அவள் அந்தச் சொம்பைத் தரையில் ஒரு தட்டு தட்டினாள். பலமில்லாத தட்டு.

"எட்டு" என்றாள்.

அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து ஊசியைக் குறைத்துக்கொண்டோம், செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொன்னார். திங்கட்கிழமை வண்டி வந்தது. பள்ளிக்கூட லேபிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, செவ்வாய்க்கிழமை மதியம் அரை நாள் லீவு எழுதிக்கொடுத்து, வெயிலில் நின்ற வண்டியின் டிக்கியில் வைத்து மூடினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் ஐம்பத்து மூன்று. ஆனி மாதத்திலேயே அப்படி. அக்கினி நட்சத்திரத்தில் என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போடத் தெரியும் எனக்கு. போடவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சமையலறை வாசலில், அவள் உட்கார்ந்த அதே இடத்தில் நின்று கேட்டேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "என்கிட்ட என்னத்துக்கு? திருட்டுத்தனமா சாப்பிடறான்னு டாக்டர்கிட்டதானே சொன்னீங்க. அங்கேயே சொல்லுங்க."

சாயந்தரம் போனோம். பதினேழாவது டோக்கன். போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'மருந்தின் சேமிப்பில் ஒரு சிறு குறைபாடு' என்று ஆரம்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன்.

"டாக்டர், போன தடவை நான் சொன்னது தப்பு. இவ எதையும் திருட்டுத்தனமா சாப்பிடலை. ஒரு நாள்கூட. ஜெல் பை வேணாம்னு சொல்லிட்டு, மருந்தை வண்டி டிக்கியில போட்டு வெயில்ல வேக வெச்சது நான்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்களே. என்ன சார் வேலை பார்க்கறீங்க?"

இத்தனை நாள் நான் காத்திருந்த கேள்வி. "வாத்தியார்" என்றேன்.

"ஓ. என்ன சப்ஜெக்ட்?"

காது இரண்டும் சுட்டன. மேலே மின்விசிறி சுற்றுகிறது, வெளியே பதினெட்டாவது டோக்கனைக் கூப்பிடுகிறார்கள், எனக்கு நாக்கு எழவில்லை. என் மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கணக்கு, டாக்டர்" என்றாள்.

"அதானே" என்று சிரித்தார் டாக்டர். "கெமிஸ்ட்ரி வாத்தியாரா இருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டார்."

அவளும் கூடச் சிரித்தாள். இரண்டு மாதமாக நான் பொய்க்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் வாயிலிருந்து வந்து நான் கேட்ட ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னாள்.